அங்கே இருபது நிமிடம், இங்கே ஆறு மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளியான ஒரு விளம்பரத்தைப் பாபநாசம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து படித்தோம். கத்தி வைக்காமல், தையல் போடாமல், இரைப்பைக்குள் ஒரு பலூனை வைத்து எடையைக் குறைத்துவிடலாம் என்றும், வெளிநாட்டில் மூன்று இரவுகள் தங்கி, சிகிச்சையோடு ஊரையும் சுற்றிப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்றும் அதில் கண்டிருந்தது. படித்த நால்வரில் மூவர் தம்மை அறியாமல் தொந்தியைத் தடவிக்கொண்டார்கள். அந்த மூவரில் நானும் ஒருவன். தஞ்சை, திருவாரூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், இதே சிகிச்சைக்காக வெளிநாடு சென்று வந்த ஒரு பெண்ணின் தாய்மாமன் என்ற முறையிலும், அந்த விளம்பரத்தில் இல்லாத சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

இந்தச் சிகிச்சை மோசடி என்று சொல்ல நான் வரவில்லை. இது உலகெங்கும் நடைமுறையில் உள்ள, முறையாக ஆராயப்பட்ட ஒன்றுதான். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-ஆம் ஆண்டிலேயே ஆர்பெரா என்ற பலூனுக்கு ஒப்புதல் வழங்கியது. தொண்டை வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயின் துணையோடு சுருட்டிய சிலிகோன் பையை இரைப்பைக்குள் இறக்கி, 400 முதல் 700 மில்லி வரை உப்பு நீரை நிரப்பி விட்டுவிடுவார்கள். நிரம்பிய பை ஏறக்குறைய உரித்த தேங்காய் அளவு இருக்கும். அது இடத்தை அடைத்துக்கொள்வதாலும், உணவு இரைப்பையை விட்டு இறங்குவதைத் தாமதப்படுத்துவதாலும் சிறிதளவு சாப்பிட்டவுடனேயே வயிறு நிறைந்த உணர்வு வரும். வைப்பதற்கு இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம் போதும். அது உண்மை, ஆனால் அந்த இருபது நிமிடத்தை மட்டுமே விளம்பரம் விற்கிறது. பலூன் ஆறு மாதம் வயிற்றில் இருக்கப்போகிறது என்பதும், அந்த ஆறு மாதமும் அதைச் சுமப்பவர் இருக்கப்போவது வெளிநாட்டு மருத்துவமனையில் அல்ல, திருக்கருகாவூரிலோ திருப்பனந்தாளிலோ தன் வீட்டில்தான் என்பதும் விளம்பரத்தின் எந்த மூலையிலும் இல்லை.

என் அக்கா மகளின் கதையை அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேரு போடாம எழுதுங்க மாமா, அடுத்தவங்களுக்காவது பயன்படட்டும்" என்றாள். வயது முப்பத்தெட்டு, பள்ளி ஆசிரியை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு 92 கிலோ. உடல் நிறைக் குறியீட்டெண் கணக்குப்படி ஏறக்குறைய 37. நம் நாட்டவருக்கு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று கொள்ள வேண்டும் என்பது நம் மருத்துவர்களின் கருத்து. அமெரிக்காவில் இந்தப் பலூனை 30 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு என்று வரையறுத்திருக்கிறார்கள். ஆக, தகுதியில் குறையில்லை. சர்க்கரைக்கு மாத்திரை, முழங்கால் வலிக்கு அவ்வப்போது மாத்திரை, பள்ளியின் இரண்டாவது மாடி ஏறினால் மூச்சு வாங்குதல் என்று எல்லாம் இருந்தன. அவள் ஆசைப்பட்டதில் தவறும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் கூடுதல் எடையோ பருமனோ உடையவர்கள். இது ஒரு வீட்டின் பிரச்சினை அல்ல.

இதே பலூனைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வைக்கிறார்களே, ஏன் கடல் கடந்து போனாய் என்று கேட்டேன். பணம் குறைவு என்பதற்காக அவள் போகவில்லை; விமானச் சீட்டு, விடுதி எல்லாம் சேர்த்தால் இங்கேயே முடித்திருக்கலாம். காரணம் வேறு. திருச்சியிலோ சென்னையிலோ அனுமதியானால் பார்க்க வரும் உறவினர்கள் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "சாப்பாட்டைக் குறைக்கத் தெரியாம வயித்துல பலூன் வச்சிக்கிட்டாளாம்" என்று கொள்ளிடம் வரைக்கும் சொல்லிவிடுவார்கள். வெளிநாடு என்றால் சுற்றுலா போய் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வெட்கத்தைத்தான் இடைத்தரகர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர்களின் பேரன் பேத்திகள் நாம். இன்றும் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறுவது நமக்குச் சென்னைக்குப் போவதைப் போலத்தான். அத்தை வீடோ சித்தப்பா வீடோ அங்கே இருக்கும். அவள் போனது அந்த இரண்டு நாடுகளுக்கும் அல்ல. தென்கிழக்காசியாவில் வேறொரு நாட்டின் தலைநகருக்கு. ஆனால் துணிச்சல் வந்தது அந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக் கோடை விடுமுறையில், மே மாத நடுவில் போனாள். முதல் நாள் இரத்தப் பரிசோதனை, இரண்டாம் நாள் காலை பலூன், மூன்றாம் நாள் ஓய்வு என்று எழுதப்பட்ட இடத்தில் கடைத்தெரு உலா, நான்காம் நாள் விமானம். வெளிநாட்டு மருத்துவரின் கைவண்ணத்தில் நான் குறை காணவில்லை. இரைப்பையை முதலில் நன்றாகப் பார்த்துவிட்டு, புண் இல்லை, பெரிய அளவில் உதரவிதானப் பிதுக்கம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வைத்திருக்கிறார். கோளாறு அட்டவணையில் இருந்தது. பலூன் வைத்த முதல் மூன்று, நான்கு நாட்கள் இரைப்பை அதை ஏற்றுக்கொள்ளாமல் வெளியே தள்ளப் பார்க்கும் நாட்கள். குமட்டலும் வாந்தியும் வயிற்றைப் பிசையும் வலியும் பெரும்பாலானவர்களுக்கு வரும். சிலரால் தாங்கவே முடியாமல் முன்கூட்டியே பலூனை எடுக்க வேண்டியும் வரும். சரியாக அந்த நாட்களில்தான் அவளை விமானத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

திருச்சி விமான நிலையத்துக்கு அழைத்து வரப் போனவன் நான். உள்ளே போனபோது இருந்த சிரிப்பு இல்லை. கையில் விமானத்தில் கொடுத்த காகிதப்பை. துவாக்குடி தாண்டிச் செங்கிப்பட்டி வருவதற்குள் மூன்று முறை காரை நிறுத்தினோம். மூன்றாம் முறை வெளியே வந்தது வெறும் பித்தநீர். இரவு பதினொரு மணிக்குக் கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பணியில் இருந்தவர் இளம் மருத்துவர், பொறுமையானவர். "என்ன பலூன்? தண்ணியா, காத்தா? எத்தனை மில்லி? என்னிக்கு எடுக்கணும்?" என்று கேட்டார். நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. கைப்பையைக் கொட்டிப் பார்த்தோம். பளபளக்கும் உறையில் அவளும் மருத்துவரும் நிற்கும் புகைப்படம், மிதக்கும் சந்தைக்கான நுழைவுச்சீட்டு, எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இரண்டு பக்கத் தாள். அதில் எண்கள் மட்டும் புரிந்தன. எந்த எண் மில்லி, எந்த எண் பணம் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்?

இரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பின் அளவு 2.9-க்கு இறங்கியிருந்தது. மருந்துக்கடை அறிவு உள்ள எவருக்கும் அந்த எண்ணின் பொருள் தெரியும். இன்னும் சற்று இறங்கினால் இதயத் துடிப்பு தாளம் தவறும். இரண்டு நாள் சலைனும் பொட்டாசியமும் ஏற்றி, வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் ஊசி போட்டு, ஐந்தாம் நாள் இளநீரும் அரிசிக் கஞ்சித் தெளிவும் தங்கத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. இவ்வளவும் எதிர்பார்க்கப்பட்ட பக்கவிளைவுதான், விபத்து அல்ல. எதிர்பார்க்கப்பட்டது என்பதால்தான் எனக்குக் கோபம். வரும் என்று தெரிந்த வாந்திக்கு மருந்துச் சீட்டும், தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கக் குறிப்பும், இன்னும் மூன்று நாள் தங்கலும் கொடுத்திருந்தால் அந்த இரவே இருந்திருக்காது.

தரகருக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல் இரண்டு முறை எடுத்தார். மூன்றாம் முறை, சிகிச்சை தொடர்பான எதற்கும் மருத்துவமனையைத்தான் கேட்க வேண்டும் என்றார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று ஒரு வழக்கறிஞர் நண்பரைக் கேட்டேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ரசீதைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கான அந்த ரசீதில் 'சுற்றுலாத் தொகுப்புக் கட்டணம்' என்று ஒரே வரி. பலூன், சிகிச்சை, மருத்துவமனை என்ற சொற்கள் எங்கும் இல்லை. நண்பர் ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கலாம் வாருங்கள் என்றார். காப்பீட்டிலும் இதே நிலைதான். நம் நாட்டுப் பொது மருத்துவக் காப்பீடுகளில் எடைக் குறைப்புச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் உள்ளது. அறுவைச் சிகிச்சைக்குச் சில கடுமையான நிபந்தனைகளோடு இடம் உண்டு, பலூன் அறுவைச் சிகிச்சையே அல்ல. பயணக் காப்பீடோ, திட்டமிட்டுச் செய்துகொண்ட சிகிச்சையின் விளைவு என்று சொல்லிக் கைவிரித்துவிடும். கத்தியில்லை என்ற பெருமையே இங்கே பாதகமாகிவிடுகிறது.

வாந்தி நின்ற பிறகு மற்றவை தொடங்கின. இந்தப் பகுதியைத் தங்கள் வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். பலூன் வைத்துக்கொண்டு ஏற்கெனவே ஊர் திரும்பியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இது பொருந்தும். எடை கூடியவர்களுக்கு முழங்கால் வலி இருக்கும். முழங்கால் வலி இருந்தால் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் என்று ஏதாவதொரு வலி மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும். வயிற்றில் பலூன் உள்ளவர் இவற்றைத் தொடக்கூடாது. பலூனின் உராய்வும் இந்த மாத்திரைகளின் அரிப்பும் சேர்ந்தால் இரைப்பையில் புண் விழும். புண் ஆழ்ந்தால் துளை விழும். நான் ஒருநாள் போனபோது அவள் அரை மாத்திரையை உடைத்துக் கையில் வைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை என்றாள். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பேண்டோபிரசோல் வகை மாத்திரையை, பலூன் இருக்கும் வரை ஒருநாளும் விடாமல் சாப்பிட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாது. பத்து நாளுக்குக் கொடுத்ததைச் சாப்பிட்டு முடித்து, தீர்ந்துவிட்டது என்று விட்டுவிட்டாள். அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இந்த மாத்திரை கூடவே தரப்பட வேண்டும் என்று இருக்கிறது.

சர்க்கரை மாத்திரை இன்னொரு கண்ணி. அவள் சாப்பிட்டது கிளிமெப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. மூன்று வேளை சோற்றுக்கு என்று எழுதப்பட்ட அளவு அது. பலூன் வந்த பிறகு அவள் சாப்பிட்டதோ காலையில் ஒரு இட்லி, மதியம் கைப்பிடி ரசம் சாதம். ஜூன் மாதம் ஒரு நாள் வகுப்பில் வியர்த்து, கைகால் நடுங்கி நாற்காலியில் சரிந்துவிட்டாள். பலூன்தான் வெடித்துவிட்டது என்று வீட்டில் அழுதார்கள். வெடிக்கவில்லை, இரத்தச் சர்க்கரை கீழே போயிருந்தது. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்தாள். பலூன் வைப்பதற்கு முன்பே சர்க்கரை மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைத்திருக்க வேண்டும். ஆனால் ஊருக்குத் தெரியாமல் போனவள் உள்ளூர் மருத்துவரிடம் எப்படிச் சொல்வாள்?

பலூனுக்குள் நிரப்பும் உப்பு நீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலப்பது வழக்கம். பலூன் கசிந்தால் சாயம் உடலில் கலந்து சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். அதுதான் எச்சரிக்கை மணி. கசிந்து சுருங்கிய பலூன் இரைப்பையை விட்டுக் குடலுக்குள் நழுவினால் குடல் அடைப்பு வரலாம், அவசர அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கலாம். எனவே தினமும் காலையில் நிறத்தைக் கவனி என்று நான் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். விடியற்காலை நான்கரை மணிக்கு மண்டபத்து அறையிலிருந்து அவள் அழைப்பு: "மாமா, நீலமா இருக்கு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். விசாரித்தால், கழிவறைத் தொட்டிக்குள் மண்டபத்தார் போட்டு வைத்திருந்த நீல நிறச் சுத்திகரிப்புக் கட்டியின் கைங்கர்யம் அது. முகூர்த்தம் முடியும் வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பந்தியில் அவள் இலையில் அசோகா இனிப்பை ஓர் ஓரமாக விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டதைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டு அம்மாள், சமையல் பிடிக்கவில்லையா என்று வருத்தப்பட்டுக் கேட்டது வேறு.

இனி எடுக்கும் கதை. ஆறு மாதத்துக்கென்று செய்யப்பட்ட பலூனை ஆறு மாதத்தில் எடுத்தாக வேண்டும். அமிலத்தில் ஊறி ஊறி அதன் சுவர் நலியும். ஓராண்டு வரை இருக்கக்கூடிய பலூன்களும் உள்ளன. மாத்திரை போல விழுங்கி, உள்ளே நீர் நிரப்பிய பின் ஏறக்குறைய நான்கு மாதத்தில் தானே வடிந்து மலத்தோடு வெளியேறும் அல்லூரியன் போன்ற வகையும் உண்டு. அதற்கு வைக்கவும் எடுக்கவும் பொதுவாக எண்டோஸ்கோப்பி தேவைப்படாது. தமக்கு வைத்திருப்பது எது என்பது வைத்துக்கொண்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். எங்கள் வீட்டில் இது ஆறு மாதப் பலூன் என்பதே தெரியவந்தது, அந்த இரண்டு பக்கத் தாளை மலேசியாவில் உள்ள உறவினர் ஒருவர் மூலம் மொழி தெரிந்தவரிடம் காட்டிப் படிக்கச் சொன்ன பிறகுதான். மே நடுவில் வைத்தது என்றால் நவம்பர் நடுவில் எடுக்க வேண்டும். தரகர் வாங்கிய கட்டணத்தில் எடுப்பது சேரவில்லை. மறுபடி விமானம், மறுபடி மூன்று இரவு, மறுபடி பணம். ஆசிரியைக்கு ஐப்பசியில் ஏது விடுமுறை?

உள்ளூரில் எடுக்கலாம் என்று முயன்றோம். முதலில் கேட்ட இரண்டு இடங்களில், வேறொருவர் வைத்த பலூனைத் தொடமாட்டோம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலூனைத் துளைத்து நீரை உறிஞ்சும் ஊசியும், சுருங்கிய பையைப் பற்றி இழுக்கும் கவ்வியும் இருக்க வேண்டும். எடுக்கும்போது ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். கடைசியில் திருச்சியில் ஒரு குடல் இரைப்பை மருத்துவர் ஒப்புக்கொண்டார். கடைமுகத்துக்கு மாயூரம் போகும் கூட்டமும், விடாத அடைமழையும், வயலெல்லாம் வாய்க்காலான சாலையுமாக நாங்கள் போய்ச் சேர்ந்தோம். உள்ளே குழாயை விட்டவர் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்தார். "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று நாங்கள் பெருமையாகச் சொன்னோம். பலூன் உள்ள இரைப்பை உணவை எளிதில் கீழே இறக்காது. அந்த இட்லி அப்படியே பலூனின் பின்னால் கிடந்தது. மயக்க நிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. எடுப்பதற்கு முன் ஒரு நாளாவது, முடிந்தால் அதற்கும் மேலாக, தெளிந்த திரவம் மட்டும் குடித்திருக்க வேண்டுமாம். திரும்பி வந்து, வடிகட்டிய ரசத்திலும் மோர்த் தெளிவிலும் இளநீரிலும் இரண்டு நாள் ஓட்டி, மறுபடி போய் எடுத்துவிட்டு வந்தோம்.

பலன் என்ன என்று வாசகர் கேட்பார். 92 கிலோ 81 கிலோவானது. உடல் எடையில் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவது இந்தச் சிகிச்சையில் வழக்கமாகக் காணப்படுவதுதான். சர்க்கரை மாத்திரை பாதியானது. பலூன் போன பிறகு, பொங்கலும் மாசி மகமும் கடந்து சித்திரைக்குள் நான்கு கிலோ திரும்பி வந்துவிட்டது, அதுவும் புதிதல்ல. வெளியே எடுத்துப்போட்டவுடன் பசி பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதத்தில் பழகிய சிறு இலையை, அதன் பிறகும் பிடித்துக்கொள்ள ஓர் உணவு ஆலோசகரின் தொடர்ந்த துணை வேண்டும். எழுத்தே புரியாத ஊரில் அந்தத் துணையை எப்படிப் பெறுவது? அவளுக்கு அதைக் கடைசியில் கொடுத்தவர் திருச்சி மருத்துவரிடம் இருந்த ஒரு பெண்தான். பொன்னி அரிசிச் சோறு எத்தனை கரண்டி, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவில் எவ்வளவு எண்ணெய் என்று நம் சமையலைத் தெரிந்து பேசினார்.

நான் கூட்டிச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். திரவம் நிரப்பும் இரைப்பை பலூன்களுக்குப் பின் 2016 முதல் உலக அளவில் பன்னிரண்டு மரணங்கள் தன் கவனத்துக்கு வந்ததாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூனில் மருத்துவர்களுக்கு எழுதியது. அதற்கு முந்தைய ஆண்டு, பலூன் தானாகக் காற்றோ நீரோ சேர்ந்து உப்பிப்போவதையும் கணைய அழற்சி வருவதையும் கவனியுங்கள் என்று எச்சரித்திருந்தது. வைத்துக்கொண்டவர்களின் பெருந்தொகையோடு ஒப்பிட்டால் இவை அரிதானவையே. ஆனால் அரிதானது நேரும்போது, அது என்ன என்று அறிந்துகொள்ளும் மருத்துவர் அருகில் இருக்க வேண்டும். 2023 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் துருக்கியில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. அங்கே எடைக் குறைப்புக்காக இரைப்பையில் போட்டுலினம் நச்சு ஊசி போட்டுக்கொண்டவர்கள் பலருக்குத் தசைகள் செயலிழக்கத் தொடங்கின. அவர்களில் கணிசமானவர்கள் அதற்குள் ஜெர்மனி போன்ற தம் நாடுகளுக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையமே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அதுவும் கத்தியில்லாச் சிகிச்சைதான்; அதுவும் ஊர் சுற்றிப் பார்ப்பதோடு சேர்த்து விற்கப்பட்டதுதான்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். போகத்தான் போகிறோம் என்று முடிவெடுத்தவர்கள், விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே, எடுக்கப்போவது யார் என்பதைத் தம் ஊரருகே முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த மருத்துவரை ஒருமுறை நேரில் பார்த்து, இன்ன பலூன், இன்ன மாதம் என்று சொல்லி ஒப்புதல் வாங்காமல் கிளம்பவே கூடாது. வைத்த பிறகு, பலூனின் பெயர், வரிசை எண், நிரப்பிய மில்லி, வைத்த நாள், எடுக்க வேண்டிய நாள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டையும் கிழித்துக் கொண்டுவர வேண்டும். கருவுறும் எண்ணம் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், முன்பு இரைப்பையில் அறுவைச் சிகிச்சை ஆனவர்களும் ஆசைப்படவே வேண்டாம்.

அடுத்தது நம் பகுதி மருத்துவர்களுக்கு. வெளிநாட்டில் வைத்துக்கொண்டு வந்தவர்களை "அங்கேயே போ" என்று அனுப்பாதீர்கள். 1958-ஆம் ஆண்டு முதல் இந்த வட்டாரத்துக்கு ஒதுங்கிடமாக இருக்கும் தஞ்சை மருத்துவக் கல்லூரியில், இப்படி வருபவர்களைக் கேள்வி கேட்காமல் பதிந்துகொள்ள வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும். வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் 2021 முதல் நம் தெருக்களுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். மாத்திரை எழுதும் பதிவேட்டில் "வயிற்றில் பலூன் உண்டா" என்று ஒரு கட்டம் சேர்த்தால் என் அக்கா மகள் வகுப்பறையில் சரிந்திருக்க மாட்டாள்.

மூன்றாவது தங்களுக்கு. விளம்பரம் இல்லாமல் நாளிதழ் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். நிதித் திட்ட விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போடுகிறீர்கள் அல்லவா, அதுபோல இதன் அடியிலும் ஒரு வரி போடுங்கள்: பலூனை எடுப்பது யார், எங்கே, அதற்கான கட்டணம் இதில் சேர்ந்ததா. இந்த மூன்றையும் எழுதித் தர மறுக்கும் தரகரின் விளம்பரத்தை வாங்காதீர்கள். அன்று தேநீர்க் கடையில் தொந்தியைத் தடவிய மற்ற இருவரில் ஒருவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவருக்கு முழங்கால் வலி உண்டு; என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் எனக்குத் தெரியும், நான் இருந்த மருந்தகத்தில் அவருக்கு அதை எடுத்துக் கொடுத்தவனே நான்தான். இந்தக் கடிதம் வெளியானால் முதல் பிரதியை அவரிடம் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.